பூனைப் பங்கு

மன்னரின் ஏழாம் ஆண்டு, அறுவடைப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 4

அண்ணன் மெரிசுவுக்கு, தெற்குப் பண்ணைக் களஞ்சியத்திலிருந்து தம்பி சென்பி.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. களஞ்சிய மேலதிகாரி சிஹாதோரின் மாளிகையில் எழுத்தராக இருப்பவன் நலமாக இல்லாவிட்டால் இந்த நதிக்கரையில் வேறு யார் நலமாக இருக்க முடியும்? படகுத்துறையில் சண்டை போட்டுப் பிரிந்த பிறகு உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நீ. அதனால் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே குதிருக்குள் எட்டிப் பார்த்தாலே எலி மூத்திர நாற்றம் மூக்கில் ஏறுகிறது. மண் சுவரில் முழங்கை நுழையும் அளவுக்கு வளைகள். எலி தின்றது போக மிச்சத்தைத்தான் ஊருக்கு அளந்து போடுகிறோம். ஆனால் எலி தின்பது எவ்வளவு, 'எலிப் பங்கு' என்று நாம் எழுதுவது எவ்வளவு? பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை என்று எழுதச் சொல்கிறார்கள். அவ்வளவும் தின்ற எலி இந்நேரம் எருமை அளவுக்கு வளர்ந்திருக்கும். அந்த மூட்டைகள் வருஷம் தவறாமல் மேலதிகாரியின் படகில் ஏறுவதை ஊரில் எல்லோரும் கரையில் நின்று பார்க்கிறார்கள். குடியானவனின் மாதப் படியிலிருந்துதான் அது கழிகிறது.

இங்கே களஞ்சியக் கதவுக்குக் காவல் ஹெப்பு. எனக்கு இங்கே பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். அவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "எலிக்கும் குடும்பம் இருக்குல்ல எழுத்தரய்யா. பெரிய குடும்பம். தலைநகரத்துல மாளிகை கட்டியிருக்கு" என்றான், சிரிக்காமல்.

நாணல் காட்டில் பறவை பிடிக்கிற இதெத் என்ற விதவை இருக்கிறாள். அவள் குடிசையைச் சுற்றிக் காட்டுப் பூனை ஒன்று திரிகிறது. மணல் நிறம், காலில் கோடுகள், நீண்ட கால்கள். அவள் குடிசையில் எலியே இல்லை. குட்டி போடும் நிலையில் இருக்கும் அந்தப் பூனையைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உன் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

சென்பி


ஏழாம் ஆண்டு, அறுவடைப் பருவம், நான்காம் மாதம், நாள் 11

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். இனி எழுதுவதை, வேறொருவன் பிரித்தாலும் பரவாயில்லை என்ற மாதிரி எழுது. பிரிக்கிறார்கள்.

இருபது வருஷமாக நான் எழுத்தன். எலியைப் போல நல்ல ஊழியன் எந்த மாளிகையிலும் கிடையாது. எதை அதன் தலையில் போட்டாலும் சுமக்கும், எதிர்த்துப் பேசாது, சாட்சி சொல்லாது. உனக்கு முன்னால் அந்தக் களஞ்சியத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மடையர்கள் என்று நினைக்கிறாயா? அவர்களுக்கும் நாணல் காட்டில் பூனை இருப்பது தெரியும்.

குதிரின் மூடியைச் சரியாகப் போடு. வெள்ளம் வருமுன் சுவரைப் பூசு. பறவைக்காரியை அவள் காட்டிலேயே விடு. வெங்காயமும் உப்பு மீனும் அனுப்பியிருக்கிறேன், படகுக்காரன் பாதியைத் தின்றிருப்பான்.

மெரிசு


எட்டாம் ஆண்டு, வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 9

அண்ணா,

மீன் கால்வாசிதான் வந்தது. அதிலும் பாதியைப் பூனைக்குப் போட்டேன்.

ஆமாம், அது வந்துவிட்டது. இதெத் கூடையில் வைத்துக் கட்டிக் கொண்டு வந்தாள். திறந்ததும் என் கையைக் கிழித்துவிட்டுக் கூரை மேல் ஏறியது. மூன்று நாள் யார் கண்ணிலும் படவில்லை. போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு ஒரு காலை, கடைசிக் குதிரின் படிக்கட்டுக்கு அடியில் குட்டிகளோடு படுத்திருந்தது. வாசலில் எலிகள் தலையில்லாமல் கிடந்தன.

எப்படிப் பழக்கினாய் என்று இதெத்தைக் கேட்டேன். அவள் காறித் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நான் எங்க பழக்குனேன்? அதுவா வந்துச்சு, பாத்துச்சு. இவ கல்லெடுக்க மாட்டா, எலிக்கும் பஞ்சமில்லன்னு இருந்துக்கிச்சு. நாயி மாதிரி நெனச்சுக் கூப்பிடாதே. பதில் வராது, அசிங்கப்படுவே."

உண்மைதான். நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஹெப்புவின் மகள் தவிட்டுக் கூடையில் கை வைக்கப் போன இடத்தில் கிடந்த கொம்பு விரியனை அதுதான் அடித்துக் கொன்றது. அன்றிலிருந்து ஹெப்பு தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் படிக்கட்டில் வைக்கிறான். அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. "என் பொண்டாட்டி சமையலு அதுக்கும் புடிக்கல" என்கிறான்.

வளைகளை நானும் ஹெப்புவும் மண்ணும் சாணியும் வைத்து அடைத்தோம். அடைத்ததில் ஒன்றுகூட மறுபடி திறக்கவில்லை. போன வாரம் ஊரைக் களத்தில் கூட்டி, இந்த வருஷம் எலி இல்லை, எலிப் பங்கும் இல்லை, அது உங்கள் படியில் சேரும் என்று சொன்னேன். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு கிழவர் மட்டும் என் கையைப் பிடித்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

மன்னரின் உயிர் மேல் ஆணை அண்ணா, படகு வரட்டும். அளந்து காட்டுகிறேன். முழுதாக இருக்கும்.

சென்பி


எட்டாம் ஆண்டு, வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 2

தம்பி,

நேற்று ஐயா சிஹாதோர் என்னைக் கூப்பிட்டு உன்னைப் பற்றி விசாரித்தார். வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அன்பாகக் கேட்டார். அவர் இப்படி அன்பாக விசாரித்த மூன்று பேரை நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அந்த மூவரில் யாரையும் இப்போது பார்ப்பதில்லை.

நீ களத்தில் பேசியது உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

படகு புறப்படப் போகிறது. அது வருமுன் ஒரு குதிரின் அடைப்புகளையாவது உடைத்து விடு. பூனையை ஒரு மாதத்துக்கு எங்காவது கட்டி வை. நான்கு எலியாவது ஓடட்டும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. கெஞ்சிக் கேட்கிறேன்.

மெரிசு


எட்டாம் ஆண்டு, விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 6

அண்ணா,

நீ சொன்னதைச் செய்யவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

படகோடு வந்த அளவுகாரன் தேத்தி குதிர்களைச் சுற்றிப் பார்த்தான். சுவரைத் தடவினான், தரையை மோந்தான். நல்ல வேலை என்று பாராட்டினான். பிறகு எப்போதும் ஏற்றுகிற மூட்டைகளை எப்போதும் போல ஏற்றச் சொன்னான். ஏற்றி முடித்ததும் மிச்சத்தை அளந்தான். நிச்சயமாகக் குறையத்தானே செய்யும்? மூட்டைகள் அவன் படகில் இருக்கின்றன. கையை நீட்டினால் தொடலாம். அதைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டான்:

"எலி இருக்கா?"

"இல்லை" என்றேன். பெருமையாகச் சொன்னேன் அண்ணா.

"எலி இல்ல. அப்போ ஆளு தின்னிருக்கான். கதவுக்கு யாரு காவல்?"

ஹெப்புவைப் படுக்கப் போட்டு, கால்களைக் கட்டையில் கட்டி, உள்ளங்காலில் அடித்தார்கள். நான் படகைக் காட்டிக் கத்தினேன். தேத்தி கோபப்படவே இல்லை. ஐயாவின் படகில் இருப்பது ஐயாவுடையது, அதைக் களஞ்சியத்தில் சேர்த்து எண்ணுவது எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டான். அடித்தவன் இளைப்பாறிக்கொண்டு மறுபடி அடித்தான். அடுத்த படகுக்கும் இதே குறை இருந்தால், காவல்காரன் பாலைவனத்துச் சுரங்கத்துக்குப் போவான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுரங்கத்துக்குப் போனவன் யாரும் ஊர் திரும்பியதில்லை என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெப்பு இன்னும் நடக்கவில்லை. தவழ்கிறான்.

அவன் மனைவி செனெத் களஞ்சியத்துக்கு மூடிய கூடையோடு வந்தாள். சாப்பாடு என்று நினைத்தேன். மூடியைத் திறந்து குதிருக்குள் கவிழ்த்தாள். எலிகள். வயல் வரப்பில் பொறி வைத்துப் பிடித்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு கூடையோடு. நான் வழியை மறித்தேன்.

"தள்ளு" என்றாள். "உன் நேர்மைய நாங்க கேட்டமா? எலி இருந்தவரைக்கும் அடி எலிக்குத்தான் விழுந்துச்சு. நீ படிச்சவன். எங்க எலிய எங்களுக்குத் திருப்பிக் குடு."

நான் தள்ளி நின்றேன். அவர்கள் கொண்டுவந்த அத்தனையையும் பூனையும் அதன் குட்டிகளும் ரெண்டே நாளில் தின்று தீர்த்தன.

இப்போது ஆண்கள் தடியோடு வருகிறார்கள், பூனைகளைக் கொல்ல. நான் கதவில் நிற்கிறேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது செய் அண்ணா. ஹெப்பு சுரங்கத்துக்குப் போகக் கூடாது.

சென்பி


எட்டாம் ஆண்டு, விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 27

தம்பி,

உன் காவல்காரனை நான் பார்த்ததில்லை. 'ஏதாவது செய் அண்ணா' என்று நீ எழுதியதைப் படித்தேன். அதனால் ஐயாவிடம் போனேன்.

அவருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பெயர் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. எலி இல்லையென்றால் இருப்பது எதுவோ அது. பூனை இருக்கிறது. அப்படியானால் பூனை தின்றது.

சிரிக்காதே. பூனை வாற்கோதுமை தின்னாது என்று ஐயாவுக்குத் தெரியாதா? சொன்னதும் அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மெரிசு, உன் தம்பி புத்திசாலிடா, மொதல்ல இருந்தே இத யோசிச்சுத்தான் கொண்டாந்திருக்கான்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

இனி இப்படி எழுது: களஞ்சியத்தைக் காக்கும் பூனைகளுக்கு, தலைக்கு இத்தனை என்று, ஆண்டுப் படி. அதற்குப் பூனைப் பங்கு என்று பெயர். முன்பு எலிக்கு எழுதியதைவிடக் கொஞ்சம் கூட வரும்படி எழுது, அது ஐயாவின் விருப்பம். போன குறையும் அதில் அடங்கிவிடும். உன் ஹெப்புவின் பெயர் எங்கும் வராது.

உனக்கு அருவருப்பாக இருக்கும். தராசின் மறு தட்டில் ஒரு மனிதனின் கால் இருக்கிறது. எழுது.

மெரிசு


எட்டாம் ஆண்டு, விதைப்புப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 13

அண்ணா,

எழுதிவிட்டேன்.

ஊரில் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை, ஹெப்புவைத் தவிர. அவன் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து, படிக்கட்டில் வெயில் காய்ந்த பூனையைக் கும்பிட்டான். "வணக்கம் பெரியவரே, எனக்கு ஏதாச்சும் வேல போட்டுக் குடுங்க" என்றான். தடிகளை எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் படி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு பூனை காட்ட வேண்டும் என்று தேத்தி ஆள் அனுப்பியிருக்கிறான். நாணல் காட்டில் வலை வைத்துப் பிடிக்கிறார்கள். இதெத்துக்குப் பூனைக் காவல் என்று பதவி கொடுத்தார்கள். அவள் என் வாசலில் வந்து நின்று, "காட்டுல இருந்தத நம்பி உன் கையில குடுத்தேன். நீ அதுக்குப் பட்டங்கட்டிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் குடிசை காலி. நாணலுக்குள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

அது இருக்கட்டும். உள்ளங்காலில் அடித்தால் எலும்பு கூடுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று உங்கள் மாளிகை வைத்தியனைக் கேட்டு எழுது.

சென்பி


எட்டாம் ஆண்டு, அறுவடைப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 20

தம்பி,

வைத்தியன் தேனும் கொழுப்பும் பூசச் சொன்னான். தேன் அனுப்பினேன்.

நீ அனுப்பிய குட்டிகளில் ஒன்று ஐயாவின் மனைவி மடியில் தூங்குகிறது. அதற்கு நீல மணி கோத்த கழுத்துப்பட்டை. விருந்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்கிறார்கள். இன்னும் ரெண்டு வருஷத்தில் பூனை இல்லாத பெரிய வீடே தலைநகரத்தில் இருக்காது. மற்றப் பண்ணைகளும் பூனைப் பங்கு எழுத ஆரம்பித்துவிட்டன. உன் பெயர் நல்ல இடங்களில் அடிபடுகிறது. எனக்கும் மாளிகைக்குள் தனி அறை கிடைத்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். படி வாங்குகிற எதுவும் மாளிகையின் ஊழியன் என்று ஐயா உத்தரவு போட்டிருக்கிறார். பூனையைக் கொன்றால், ஊழியனைக் கொன்ற குற்றம். பூனை குறைந்தால் படி குறையும், அதற்காகத்தான். ஊரில் சொல்லி வை. குழந்தைகளிடமும் சொல்லி வை.

மெரிசு


ஒன்பதாம் ஆண்டு, விதைப்புப் பருவம், நான்காம் மாதம், நாள் 18

அண்ணா,

ஒரு வருஷமாக உனக்கு எழுதவில்லை. எழுத இருந்ததெல்லாம் ஒன்றுதான்: பூனைகள் பெருகின, படி சுருங்கியது.

இது அறுவடைக்கு முந்தின மாதம். இந்த மாதத்தில் இங்கே எப்போதுமே பசிதான். இந்த வருஷம் போலப் பார்த்ததில்லை என்கிறார்கள். தாமரைக் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள். எலி தீர்ந்துபோனதால் பூனைகள் வீடு வீடாக நுழைகின்றன. அடுப்பில் இருப்பதை எடுக்கின்றன. யாரும் விரட்டுவதில்லை. கையை ஓங்கினால் பார்த்தவன் ஊரிலேயே தங்கியிருக்கும் தேத்தியின் ஆட்களிடம் சொல்லிவிடுவான், சொன்னவனுக்கு ஒரு மரக்கால் தானியம். அதனால் பூனை வீட்டுக்குள் வந்தால், குடும்பமே எழுந்து ஓரமாக நிற்கிறது. அதுவும் பழகிவிட்டது. சட்டியில் தலையை விட்டுத் தின்றுவிட்டு, பாயில் படுத்துத் தூங்குகிறது. முன்பெல்லாம் தொட விடாது. இப்போது மடியில் ஏறுகிறது.

நேற்று ஹெப்பு வாய்க்காலில் ஒரு மீன் பிடித்தான். கோலை ஊன்றி நடக்கிறவன், பாதி நாள் தண்ணீரில் நின்று பிடித்தது. செனெத் அதைச் சுட்டு மகளிடம் கொடுத்தாள். குழந்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது பூனை பாய்ந்து பிடுங்கியது. ஹெப்பு கோலால் ஒரே அடி. எறிந்தானா, அடித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. அது அங்கேயே செத்தது.

அதற்குள் தேத்தியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சொன்னவன் வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன. ஹெப்புவைக் களஞ்சியத்தில், அவன் காவல் காத்த அதே கதவுக்குப் பின்னால் அடைத்திருக்கிறார்கள். பூனை எப்படிச் செத்தது என்று எழுத்தர் எழுதி முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்ததும் சுரங்கம்.

கதவு வழியாக அவனோடு பேசினேன். கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். அவன் வேறு யோசனையில் இருந்தான்.

"எழுத்தரய்யா, பூனை வாற்கோதுமை தின்னுச்சுன்னு எழுதுனீங்கள்ல?"

"எழுதினேன்."

"அத ஒத்துக்கிட்டாங்கள்ல?"

"ஒத்துக்கொண்டார்கள்."

"அப்போ எலி கடிச்சுப் பூனை செத்துப்போச்சுன்னு எழுதுங்க."

அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை அண்ணா. அவன் முகத்தை இடுக்கு வழியாகப் பார்த்தேன். உண்மையிலேயே அது நடக்கும் என்று நம்பினான். ஒரு தரம் எழுத்து அவனைக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொரு தரமும் காப்பாற்றும் என்று நினைக்கிறான்.

எழுதிவிட்டேன். தெற்குப் பண்ணைக் களஞ்சியத்தில் எலி கடித்துப் பூனை இறந்தது. சென்பி, எழுத்தர். முத்திரை வைத்துத் தேத்தியின் ஆளிடம் கொடுத்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டு போய்விட்டான். இந்தக் கடிதமும் அதே படகில்தான் வருகிறது.

உன் ஐயா போன தடவை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாரே. நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். சிரித்தாரா என்று எழுது.

சென்பி


ஒன்பதாம் ஆண்டு, அறுவடைப் பருவம், முதல் மாதம், நாள் 5

சென்பி,

ஐயா சிரிக்கவில்லை.

என்னைத்தான் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். எலி இருக்கிறதென்றால் பூனைக்கு எதற்குப் படி என்று மற்றப் பண்ணைகளில் கேட்பார்களே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். போன தடவை சொன்னேன், மறந்துவிட்டார் போலிருக்கிறது. பூனை அவர் காலடியில் படுத்திருந்தது. அதைக் குனிந்து தடவிக்கொண்டே படகோட்டிகளைக் கூப்பிட்டார். சுரங்க உத்தரவில் பெயர் ஒன்று போதாது, ரெண்டாக எழுது என்று என்னிடம் சொன்னார். ரெண்டாவது பெயரை நான் எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவன் எழுதினான். நான் முத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கதவை உடை. ஹெப்புவால் ஓட முடியாது, முதுகில் தூக்கிக்கொள். அவன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொள். நாணலுக்குள் போ, அந்தப் பறவைக்காரி போன பக்கம் போ. எதையும் எடுக்க நிற்காதே. எனக்கு எழுதாதே.

படகுத்துறைக்கு ஓடினேன். ஐயாவின் படகோட்டிகள் போய்விட்டார்கள். தெற்கே போகிற மீனவன் ஒருவன் அகப்பட்டான். என் மோதிரத்தை வாங்கிக்கொண்டு ராப்பகலாக வலிக்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், நல்லவனாகத்தான் தெரிகிறான். காற்று வடக்கிலிருந்து பலமாக அடிக்கிறது. அவர்கள் படகில் பாய் இருக்கிறது. இவனிடம் துடுப்பு மட்டும்தான்.

மெரிசு